நான் சொல்லும் வரை பத்தியம்

மட்டக்குளி,
கொழும்பு 15
21.07.2024

லோஜினிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறை. நலமில்லாமல் இருப்பவன் என் தம்பி. அவனைப் பற்றிப் பேச ஐந்து தடவை அழைத்தேன். நீ போனைத் தூக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்து வந்தால் படிக்காமல் இருக்க உன்னால் முடியாது, படித்தவள் ஆயிற்றே.

போன மாதம் என் மகள் நிஷாந்தியின் கல்யாணத்துக்குப் பிரதாப் வந்தபோது அவனைப் பார்க்கச் சகிக்கவில்லை. முப்பத்து நாலு வயதில் ஐம்பது வயதுக்காரனைப் போல நடக்கிறான். மண்டபத்தில், மாப்பிள்ளை வீட்டாருக்கு நடுவில், அவன் செருப்பு காலைவிட்டுக் கழன்று விழுந்தது. கழன்றது தெரியாமல் பத்து அடி நடந்து போனான். எல்லோரும் சிரித்தார்கள். "டேய், செருப்புடா!" என்று நான் கத்தின பிறகுதான் குனிந்து பார்த்தான். என்னடா என்று கேட்டால், "காலு எரியுதுக்கா. ஆனா மரத்துப் போயும் கெடக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்கிறான். பந்தியில் ஆட்டுக்கறியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சோறும் ரசமுமாகச் சாப்பிட்டு எழுந்தான். கறி தின்றே பழக்கமில்லாதவன் மாதிரி.

ஈரலில் வைரஸ் இருக்கும் ஆளுக்குச் சத்தான சாப்பாடு வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்கு வருடத்துக்கு மேலாக அவன் அதற்கு மாத்திரை போடுகிறான். முதன்முதல் கையைப் பிடித்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனவள் நான். வைரஸை மாத்திரை அடக்கி வைத்திருக்கிறது. ஆளை இப்படி அடக்கி வைத்தது யார்? தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஊரார் பிள்ளைகளுக்குச் சம்பளத்துக்கு ஊட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அவனுக்கு ஆறின ரொட்டியைப் போடுகிறாய் என்று கேள்வி.

அவனுக்கு என்ன சமைக்கிறாய் என்று பதில் எழுது.

அழகம்மா


டயகம
05.08.2024

அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி லோஜினி எழுதுவது. இங்கே மழையும் பனியும் வழக்கம் போல. பாப்பாவுக்குச் சளி. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இனிமேல் தோட்டத்து விலாசத்துக்கு எழுதாதீர்கள். ஆபீசுக்குப் போய் நாலு கை மாறி, உங்கள் கடிதம் பிரிந்துதான் எனக்கு வந்தது. லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் வைத்துக் கணக்கப்பிள்ளை, "புருசனுக்குக் கறி ஆக்கிப் போடு புள்ள" என்று சொல்லிவிட்டுப் போகிறார். டவுனில் நஸார் நானா கடை விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே அனுப்புங்கள். போனில் நான் பேசமாட்டேன். போனில் சொன்னதை மறுவாரம் சொல்லவே இல்லை என்பீர்கள். எழுதினால் எழுத்து இருக்கும்.

என் சமையலைக் கேட்டீர்கள். அவர் ஒரு வேளைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுகிறார். பருப்பு, கரட், பீட்ரூட், கீரை எல்லாம் உண்டு. கிளினிக்கில் நர்ஸ் மிஸ் கேட்கும்போதெல்லாம், "நல்லா சாப்புடுறேங்க மிஸ்" என்று அவர் வாயாலேயே சொல்கிறார். இந்த வீட்டு அடுப்பில் நான்கு வருடமாக உங்கள் வார்த்தைதான் வேகிறது. அதைத் தாண்டி ஒரு சொட்டு எண்ணெய் நான் ஊற்றியதில்லை.

ஆகவே குறை சாப்பாட்டில் இல்லை. நீங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்தீர்களே, அந்த மாத்திரையில் இருக்கிறது. அதற்கு முன் அவர் கால் எரிந்ததே கிடையாது.

இன்னொன்று. அவருடன் கூடப் பிறந்தவர்கள் இரத்தம் பார்க்க வேண்டும் என்று கிளினிக்கில் நான்காவது முறையாகச் சொல்லிவிட்டார்கள். இந்த ஹெபடைட்டிஸ் பி பிரசவத்தின்போது தாயிடமிருந்தே வந்திருக்கலாமாம். நானும் பாப்பாவும் பார்த்தோம். எங்களுக்கு இல்லை. தடுப்பூசியும் போட்டாயிற்று. காளியாயி அத்தை கண் மஞ்சளாகி, வயிறு வீங்கித்தான் செத்துப் போனார்கள் என்று உங்கள் தம்பியே சொல்லியிருக்கிறார். நீங்கள் மட்டும் இன்னும் போகவில்லை.

கல்யாண வீட்டில் அவருக்குத் தனிக் கோப்பையில் டீ கொடுத்தீர்களாமே. வந்து சொல்லி அழுதார். பத்திரிகையில் என் பெயரைப் போடாமல் விட்டதற்கு நன்றி. நான் வந்திருந்தால் அந்தக் கோப்பை உங்கள் மண்டபத்திலேயே உடைந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோஜினி


மட்டக்குளி
14.08.2024

லோஜினிக்கு,

நலம் விசாரித்து எழுதும் நிலையில் நான் இல்லை.

என் அம்மாவின் பெயரை எழுத உனக்கு எவ்வளவு துணிச்சல்? அவள் போனது செய்வினையில். தோட்டத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். அவள் எங்களுக்குப் பாலைக் கொடுத்தாள், வியாதியைக் கொடுக்கவில்லை. உன்னைக் கட்டும் வரை என் தம்பிக்கு ஒரு தலைவலி கிடையாது. கட்டி ஒரு வருடத்தில் கட்டாருக்கு வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்தான், வைரஸ் என்று திருப்பி அனுப்பினார்கள். உனக்கு இல்லை என்கிறாய். எந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, யார் கண்டது. எனக்கு ஒன்றும் இல்லை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு இது. நான் எதற்கு இரத்தம் கொடுக்க வேண்டும்?

பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். தனக்குச் சமைக்கத் தெரியாததற்கு மாத்திரையைக் குறை சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு நாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் என் முன்னால் வைத்துச் சொன்னார். நீ அதில் கை வைத்தாயானால் நடப்பதே வேறு. இது சத்துக் குறைவு. அவனுக்கு இரத்தம் இல்லை. இரும்புச் சத்து மாத்திரை இரண்டு புட்டி நஸார் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். காலை ஒன்று, மாலை ஒன்று கொடு. கொடுத்துவிட்டு எழுது.

அழகம்மா


டயகம
10.09.2024

அண்ணி அவர்களுக்கு,

நலம். அவரும் முன்பைவிட நலம்.

பதினெட்டு வருடம் ஆஸ்பத்திரித் துணியைத் துவைத்து மடித்தால் டாக்டராகிவிடலாம் என்றால், தேயிலை ஸ்டோரில் பதினாலு வருடம் தூசி கூட்டும் உங்கள் தம்பி இந்நேரம் தோட்டத்துக்கே தொரையாகியிருப்பார்.

மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தை இங்கிலீஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வாசித்தேன். சிறுநீரகம், எலும்பு, வயிறு, தலைச்சுற்று, அசதி என்று ஒரு முழத்துக்குப் போட்டிருக்கிறது. கால் எரிச்சலைக் காணவில்லை. ஆனால் அசதி என்று இருக்கிறது, அவருக்கு அசதியும் இருக்கிறது. எனக்கு அது போதும்.

இந்தப் பத்து நாளாகக் கால் எரிச்சல் குறைந்திருக்கிறது என்கிறார். எதனால் குறைந்தது என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய புட்டிகள் கிடைத்தன. நஸார் நானா, "இந்தாங்க தங்கச்சி, கொழும்புல இருந்து சண்டை வந்திருக்கு" என்று எடுத்துக் கொடுத்தார்.

லோஜினி


மட்டக்குளி
19.09.2024

லோஜினிக்கு,

நலம், நலமே தொடர அம்மனை வேண்டுகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறையாக உன்னிடமிருந்து ஒரு நல்ல செய்தி.

பார்த்தாயா? நான்கு வருடம் நீ செய்யாததை என் புட்டி பத்து நாளில் செய்தது. எதனால் குறைந்தது என்று தெரியும் என்கிறாய், ஆனால் என் பெயரைச் சொல்ல மட்டும் உன் பேனாவுக்கு மை இல்லை. பரவாயில்லை. எங்கள் வாட்டு மிஸ்ஸிடம் சொன்னேன், "அழகம்மாக்கா, நீங்க டாக்டராப் போயிருக்கணும்" என்று சிரித்தாள். நீ ஏளனம் செய்தது அவளுக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு புட்டி அனுப்பவா? ஈரல் மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கிறது? அடுத்த கிளினிக் என்றைக்கு? ஒழுங்காக எண்ணி எழுது.

அழகம்மா


டயகம
20.10.2024

அண்ணி அவர்களுக்கு,

நலம் என்று எழுதலாம். மழை விடவில்லை. பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் இல்லை. கிளினிக் நாள் அதில் தவறிவிட்டது.

கால் எரிச்சல் திரும்பியிருக்கிறது. போன கிழமை குளிருக்கு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடுத்துப் பார்த்தால் கொப்புளம். சூடு தெரியவில்லையாம். நாக்கு செக்கச் செவேலென்று வழவழப்பாகிவிட்டது, காரச் சம்பல் பட்டால் துடிக்கிறார். ஸ்டோரில் மின்விசிறியைப் போட்டுவிட்டு அணைக்க மறந்துபோய் நின்றதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறார்.

புட்டி அனுப்ப வேண்டாம்.

லோஜினி


மட்டக்குளி
02.11.2024

லோஜினிக்கு,

நலமா என்று கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. நான் கேட்டது மாத்திரைக் கணக்கு. நீ எழுதியது மழைக் கணக்கு.

தீபாவளிக்கு முதல் நாள் ஸ்டோர் போனுக்கு அழைத்துப் பிரதாப்பிடமே கேட்டேன். "போடுறேன்க்கா" என்றான். எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்றேன். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டான். அவன் சின்ன வயதிலிருந்தே என்னிடம் பொய் சொல்லத் தெரியாதவன். பொய் சொல்ல யார் பழக்கினார்கள்?

மாத்திரையை நிறுத்திவிட்டாயா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. அவனுக்கு ஏதாவது ஆனால் உன் வாசலில் வந்து நின்று மண் வாரித் தூற்றுவேன். லயம் முழுக்கப் பார்க்கட்டும்.

அழகம்மா


மட்டக்குளி
25.11.2024

லோஜினி,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாக நஸார் சொல்கிறார்.

பிரதாப்பின் கண் என்ன நிறத்தில் இருக்கிறது? அதை மட்டும் எழுது.

அழகம்மா


நுவரெலியா,
ஆஸ்பத்திரி வாட்டு
22.12.2024

அண்ணி அவர்களுக்கு,

மஞ்சள்.

கார்த்திகை விளக்கு வைத்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினேன், வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது, கண் இரண்டும் மஞ்சள். மறுநாள் இங்கே சேர்த்தோம். நான்கு நாள் பேச்சு தடுமாறியது. இப்போது ஆபத்தில்லை என்கிறார்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், மற்றதை நீங்கள் உட்கார்ந்து வாசிக்கலாம்.

ஆகஸ்ட் கடைசி நாள் மாத்திரையை நிறுத்தினோம். அவர் நிறுத்தவில்லை, நான் நிறுத்தினேன். நூற்று நான்கு நாள். மாத்திரையால்தான் எரிகிறதா என்று பார்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. நிறுத்திக் குறைந்தால் மாத்திரை, குறையாவிட்டால் வேறு ஏதோ என்று நினைத்தேன். பத்து நாளில் குறைந்தது என்றார். குறையவே இல்லையாம். "நீ ஆசையா கேட்ட புள்ள, அதான் அப்படிச் சொன்னேன்" என்று இப்போது படுத்துக்கொண்டு சொல்கிறார். உங்கள் புட்டிகள் அலமாரிக்கு மேல் இருக்கின்றன. மூடிகூடத் திறக்கவில்லை. அவற்றால் குறைந்தது என்று நீங்கள் பெருமையாக எழுதியதை வாசித்து நான் சிரித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒக்டோபரில் எரிச்சல் கூடியபோதே மாத்திரை காரணம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கே மறுபடி கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் நீங்கள் வென்றதாகிவிடும். இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று தள்ளினேன். அடங்கிக் கிடந்த வைரஸ் எழுந்து ஈரலைப் பிடித்துக்கொண்டது. அவரை நான் கொல்லப் பார்த்தேன், அண்ணி. நீங்கள் எழுதும் முன் நானே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் சிங்களவர், நல்ல மனிதர், என்னைத் திட்டித் தீர்த்தார். "ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாங்கள் இரத்தமும் சிறுநீரும் எடுப்பது எதற்கு? மாத்திரை எங்கேயாவது கெடுக்கிறதா என்று பார்க்கத்தானே? நீ ஏன் வீட்டில் வைத்துச் சோதனை செய்தாய்?" என்றார். பிறகு இவர் நாக்கைப் பார்த்தார். ஊசி முனையால் கால் விரல்களைத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். இவர் தெரியவில்லை என்றார். இந்த மாத்திரை கெடுத்தால் சிறுநீரகத்தையும் எலும்பையும் கெடுக்கலாம், பரிசோதனையில் இரண்டும் நன்றாக இருக்கின்றன, காலும் நாக்கும் ஞாபகமும் சேர்ந்து போவது வேறு வழியில் வருவது என்றார். அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"பித்தர கன்னே நெத்த?"

முட்டை சாப்பிடுவதில்லையா என்று. இல்லை என்றேன். மீன்? இல்லை. இறைச்சி? இல்லை. பால்? இல்லை. எவ்வளவு காலமாக? நான்கு வருடமும் பத்து மாதமும் என்றேன். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

பி12 என்று ஒரு சத்து இருக்கிறதாம். சோற்றிலும் பருப்பிலும் கீரையிலும் எவ்வளவு தின்றாலும் அது கிடைக்காதாம். முட்டை, மீன், இறைச்சி, பால் இவற்றில்தான் இருக்கிறது. உடம்பு முன்பு சேர்த்து வைத்திருந்ததை வருடக்கணக்கில் எடுத்து எடுத்துத் தின்று தீர்த்திருக்கிறது. இரத்தப் பரிசோதனையிலும் அப்படித்தான் வந்தது. உங்கள் இரும்பு மாத்திரையை வண்டி வண்டியாகக் கொடுத்திருந்தாலும் இது நின்றிருக்காது. சத்துக் குறைவு என்று சொன்னது நீங்கள்தான், அது சரி. எந்தச் சத்து என்று உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இந்த வைரஸுக்கு இப்படி ஒரு பத்தியமே கிடையாது, யார் சொன்னது என்று டாக்டர் கேட்டார். உங்கள் தம்பிதான், "அக்கா சொல்லிச்சுங்க சார்" என்றார்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். கையெழுத்தை அடையாளம் தெரிகிறதா? மெடிக்கலில் வைரஸ் என்று வந்ததும், 2020 பெப்ரவரியில், நீங்கள் வந்து மூன்று நாள் தங்கி எழுதியது. சோற்றுப் பசை போட்டு அடுப்புக்கு மேல் சுவரில் ஒட்டியிருந்தேன். உரித்தபோது ஒரு மூலை கிழிந்தது. புகை பிடித்திருக்கிறது, ஆனால் வாசிக்கலாம். எண்ணெய் கூடாது. முட்டை கூடாது. மீன், கருவாடு, இறைச்சி வாடையே கூடாது. பால், தயிர் கூடாது. நான் சொல்லும் வரை பத்தியம், மாற்றக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லவே இல்லை. ஒரு பொங்கலுக்கு முட்டை அவித்து வைத்தேன். "வேணாம் புள்ள, அக்கா இன்னும் சொல்லல" என்று நகர்த்திவிட்டார். பால்மாவுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் பாப்பாவுக்காக நானும் நின்றேன். வாங்கியதில் ஒரு கரண்டிகூட அவர் டீயில் போடவில்லை. ஏதாவது மாற்றினால், "நான் அன்றைக்கே சொன்னேனே" என்று நீங்கள் வந்து நிற்பீர்கள். அந்தப் பயத்தில், பயத்தைவிட வீம்பில், எழுத்துப் பிசகாமல் காத்தேன். உங்கள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அவர் ஏன் கறியைத் தொடவில்லை என்று இப்போது தெரிகிறதா?

நான் மாத்திரையை நிறுத்தினேன். நீங்கள் சாப்பாட்டை நிறுத்தினீர்கள். மண் வாரித் தூற்ற வருவதாக எழுதினீர்கள். வாருங்கள். இரண்டு கையிலும் வாருங்கள், ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு.

லோஜினி


டயகம
19.01.2025

அண்ணி அவர்களுக்கு,

பொங்கல் முடிந்தது. அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கண் தெளிந்துவிட்டது. ஈரல் மாத்திரையைத் தினமும் இரவு எட்டு மணிக்கு என் முன்னால் போடுகிறார். பி12 ஊசி ஏழு போட்டாயிற்று, இனி மாதக் கணக்கில் போட வேண்டும். நாக்கு ஆறிவிட்டது. முந்தாநாள் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் வந்தபோது காலில் அட்டை கடித்து, அந்த இடம் அரித்ததாம். "புள்ள, அரிக்குது!" என்று லயத்துக்கே கேட்கக் கத்திக்கொண்டு வந்தார். எங்கள் பக்கம் அட்டைக் கடிக்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். இடது காலில் இரண்டு விரல் மட்டும் இன்னும் செத்துக் கிடக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

ஒரு மாதமாக உங்களிடமிருந்து எழுத்து இல்லை. திட்டக்கூட இல்லை. உங்கள் தம்பி தினமும் நஸார் நானா கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறார். எனக்காக வேண்டாம், அவருக்காக இரண்டு வரி எழுதுங்கள்.

அவர் கூடப் பிறந்தவர் இரத்தம் பார்த்தாயிற்றா என்று கிளினிக்கில் ஐந்தாவது முறையாகக் கேட்டுவிட்டார்கள். என்ன சொல்ல?

லோஜினி


மட்டக்குளி
21.02.2025

லோஜினிக்கு,

நலமா? தம்பி நலமா? பாப்பாவின் சளி எப்படி இருக்கிறது? போன ஆகஸ்டில் எழுதியிருந்தாய், நான் கேட்கவே இல்லை.

உன் இரண்டு கடிதமும் வந்தன. காகிதமும் வந்தது. கையெழுத்து என்னுடையதுதான். ஒரு மாதத்துக்கு என்று நினைத்துத்தான் எழுதினேன். காமாலை வந்தால் அம்மா எங்களுக்கு வைக்கும் பத்தியம் அது, எனக்கு வேறு எதுவும் தெரியாது. நான் கொழும்பு திரும்பியதும் ஊரடங்கு வந்தது. பிறகு சுத்தமாக மறந்துவிட்டேன். நான் மறந்ததை நீ சுவரில் ஒட்டி வைத்திருந்தாய்.

உன்னிடம் சில விஷயம் கேட்க வேண்டும். தம்பிக்குச் சொல்லாதே, பயந்துவிடுவான். அந்த ஈரல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா? முதல் மாதம் குமட்டுமா? ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டுமா? டாக்டர் சொன்னார்தான், அந்த நேரம் என் காதில் ஒன்றும் ஏறவில்லை. அதாவது, அந்த ஆளுக்கு ஏறவில்லையாம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு.

என்னை டாக்டரா என்று கேட்டாய். நான் துணிதான் மடிக்கிறேன்.

அழகம்மா


டயகம
05.03.2025

அண்ணி அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலமில்லை.

உங்கள் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அங்கே மாடிக்கு மாடி டாக்டர் இருக்கிறார்கள், அவர் டயகமவுக்குக் கடிதம் எழுத மாட்டார். நீங்கள் இரத்தம் பார்த்துவிட்டீர்கள். உங்களுக்கும் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் ஒரு ஏச்சுகூட இல்லாததைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

கேட்டதற்குப் பதில். இவருக்குச் சாப்பாட்டுக்கு முன்னாலும் போடலாம், பின்னாலும் போடலாம் என்றார்கள், நேரம்தான் மாறக்கூடாது. உங்களுக்கும் அதே மாத்திரைதானா என்று பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டி இன்னொரு தடவை கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மறந்துவிட்டால் இரண்டாகப் போடக் கூடாது. குமட்டினால், கால் எரிந்தால், தலைமுடி கொட்டினால், எது வந்தாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திப் பார்க்கும் வேலையை நான் பார்த்துவிட்டேன், நம் குடும்பத்தில் இன்னொருவர் பார்க்க வேண்டியதில்லை.

நிஷாந்தி முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் பாருங்கள். இருந்தாலும் பயமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளை பிறந்த அன்றே ஊசி போட்டுக் காப்பாற்றிவிடுவார்களாம். காளியாயி அத்தைக்கு அப்படிச் சொல்ல அந்தக் காலத்தில் ஒருவரும் இல்லை. அவர்கள் மேல் குற்றமில்லை. நான் எழுதிய விதம் தப்பு.

உங்களை நான் மன்னிக்கவில்லை. நீங்களும் என்னை மன்னிக்க வேண்டாம். அந்த இரண்டு விரலைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது, அவர் ஈரலை நினைக்கும்போதெல்லாம் என் மேல் வருகிறது. அதற்காக நீங்கள் செத்துப்போகவும் நான் சம்மதிக்க மாட்டேன். சண்டை போட எனக்கு வேறு ஆள் இல்லை.

உங்கள் தம்பியிடம் நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில் வாருங்கள்.

கீழே இருப்பதை வெட்டி, சோற்றுப் பசை போட்டு, உங்கள் அடுப்படிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

முட்டை சாப்பிட வேண்டும்.
மீன், கறி, கருவாடு, எது கிடைக்கிறதோ அது.
பால் குடிக்க வேண்டும்.
மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது.
வீட்டில் யாரும் உங்களுக்குத் தனிக் கோப்பை வைக்கக் கூடாது. கோப்பையால் இது ஒட்டாது. நீங்களாகவும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.
நான் சொல்லும் வரை மாற்றக் கூடாது.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறேன்.

லோஜினி